வடிகஞ்சியோடு போவது: பி வைட்டமின்களை வீட்டிலேயே காக்கும் முறை

அரிசியை நாலு தண்ணீர் விட்டுக் களைகிறோம். பானை நிறைய நீர் வைத்து வேகவிட்டு, கஞ்சியை வடித்துக் கொட்டுகிறோம். உடம்பு சோர்ந்துபோனால் மருந்துக் கடையில் பி காம்ப்ளெக்ஸ் அட்டை கேட்கிறோம். இந்த வரிசையைத் திருப்பிப்போடுவதற்குத்தான் இந்த அத்தியாயம். முதலில் சமையலறையில் இருக்கும் ஓட்டைகளை அடைப்போம். பிறகு சமையலறையால் முடியாத ஒன்றைத் தனியாகக் கவனிப்போம். மாத்திரையும் ஊசியும் கடைசியில்தான் வரும்.

தெரிந்திருக்க வேண்டிய அடிப்படை கொஞ்சம்தான். பி என்பது ஒரே வைட்டமின் அல்ல, எட்டு. தயமின் என்ற பி1, ரைபோஃப்ளேவின் என்ற பி2, நியாசின் என்ற பி3 ஆகியவை சாப்பாட்டை உடம்புக்கான தெம்பாக மாற்றுகின்றன; பி5, பி7 இரண்டும் அதே வேலையில் துணை நிற்கின்றன. பி6 புரதத்தைக் கையாளவும் நரம்புச் செய்திகளுக்கும் வேண்டும். ஃபோலேட் என்ற பி9, பி12 இரண்டும் புது ரத்த அணுக்கள் உருவாக வேண்டியவை. நரம்பின் மேலுறையைக் காப்பதும் பி12தான். எட்டும் தண்ணீரில் கரையும். அதனால் சமைக்கும் நீரோடும் போகும், சிறுநீரோடும் போகும். உடம்பு பெரிதாகச் சேர்த்துவைப்பது பி12 ஒன்றைத்தான். அது கல்லீரலில் சில ஆண்டுகளுக்குப் போதுமான அளவு இருக்கும். இந்தக் கையிருப்பே பிறகு நம்மை ஏமாற்றவும் செய்கிறது. அதற்குக் கீழே வருகிறேன்.

முதல் வேலை: ஒரு வாரக் கணக்கு

எதையும் மாற்றுவதற்கு முன் ஏழு நாள் எழுதுங்கள். காலண்டர் தாளின் பின்பக்கம் போதும்.

1. என்ன அரிசி: பச்சரிசியா, புழுங்கலா, கைக்குத்தலா? வடித்தீர்களா, குக்கரில் வைத்தீர்களா?
2. பருப்பு, பயறு, கடலை எத்தனை வேளை?
3. கீரை எத்தனை நாள்?
4. பால், தயிர் எத்தனை டம்ளர்? காபியில் கலந்ததைத் தனியாக அளந்து எழுதுங்கள்.
5. முட்டை, மீன், இறைச்சி எத்தனை முறை?
6. தினமும் விழுங்கும் மாத்திரைகளின் பெயர்கள், எத்தனை ஆண்டாக என்ற விவரத்தோடு.

வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனித்தாள் வேண்டும். ஒரே அடுப்பில் சமைத்தாலும் எல்லோர் தட்டிலும் ஒன்றே விழுவதில்லை. எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் ரசமும் சோறுமாக முடித்துக்கொள்ளும் அம்மாவின் தாளைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அரிசி: பெரிய ஓட்டை இங்கேதான்

அரிசியின் பி1 பெரும்பாலும் தவிட்டிலும் முளைப்பகுதியிலும் இருக்கிறது. வெள்ளை வெளேரென்று தீட்டினால் அது தவிட்டோடு போய்விடும். நெல்லை ஊறவைத்து ஆவியில் அவித்துப் புழுக்கும்போதோ, தவிட்டிலுள்ள பி1இல் ஒரு பகுதி அரிசியின் உள்ளே இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் அது தங்கும். புழுங்கலரிசியின் மகிமை இவ்வளவுதான்.

பி1 குறைந்தால் வரும் பெரிபெரி நோயை ஆராய 1918இல் குன்னூரில் ராபர்ட் மெக்கரிசன் தலைமையில் ஒரு சிறு ஆய்வுப் பிரிவு தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து 1958இல் ஐதராபாத்துக்கு இடம் மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான். அன்றைய சென்னை மாகாணத்தில் பெரிபெரி வாட்டியது, மில்லில் தீட்டிய பச்சரிசி உண்ட வட கடலோர ஆந்திர மாவட்டங்களை. புழுங்கலரிசி உண்ட தென்மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பித்தன. வறுமை இரண்டு இடத்திலும் இருந்தது. வேறுபட்டது நெல்லைப் புழுக்கும் பழக்கம்.

இனி உங்கள் அடுப்பில் செய்ய வேண்டியவை:

1. தேர்வு. தினச் சாப்பாட்டுக்குப் புழுங்கலரிசி வாங்குங்கள். ஒரு வேளையாவது கம்பு, கேழ்வரகு, சாமை அல்லது கைக்குத்தல் அரிசி இருக்கட்டும். பச்சரிசி பொங்கலுக்கும் பாயசத்துக்கும் போதும்.
2. களைதல். கல், உமி பொறுக்கிவிட்டு, கொஞ்சமாக நீர் விட்டு இரண்டு முறை அலசுங்கள். கசக்கித் தேய்க்க வேண்டாம். நீர் பளிங்காகும்வரை களைந்தால் பச்சரிசியின் பி1இல் பாதியளவு வரை கழுநீரில் போய்விடக்கூடும்.
3. இரண்டாம் கழுநீர். தூசி போக முதல் நீரைக் கொட்டிவிடுங்கள். இரண்டாவதை எடுத்து வையுங்கள். செட்டிநாட்டு மண்டி அரிசி களைந்த நீரில்தான் கொதிக்கிறது. புளிக்குழம்புக்கும் அது நன்றாகச் சேரும்.
4. வேகவைத்தல். நீர் முழுவதும் சோற்றுக்குள்ளேயே வற்றும்படி வையுங்கள். பச்சரிசிக்கு இரண்டு முதல் இரண்டரை பங்கு, புழுங்கலுக்கு மூன்று பங்கு நீர் என்று தொடங்கி, உங்கள் அரிசியின் பழமைக்கு ஏற்பக் கூட்டிக் குறையுங்கள்.
5. வடித்தே ஆக வேண்டுமென்றால் கஞ்சியைக் கொட்டாதீர்கள். உப்பும் மோரும் சேர்த்து வீட்டிலுள்ளவர்கள் குடிக்கட்டும், அல்லது ரசத்துக்கு விளாவுங்கள்.

சர்க்கரை நோய்க்காக வடிக்கிறோம் என்பவர்கள் அதிகம். வடிப்பதால் சோற்றின் மாவுச்சத்தில் பெரும்பங்கு போய்விடுவதில்லை. சோற்றின் அளவைக் குறைத்துப் பொரியலையும் பயறையும் கூட்டுவதுதான் அதற்கு வழி.

எச்சரிக்கை: ரேஷன் அரிசியில் சில மணிகள் நிறம் மாறி, நீரில் மிதந்தால் "பிளாஸ்டிக் அரிசி" என்று பயந்து பொறுக்கி எறிகிறார்கள். அவை இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி மாவில் செய்த செறிவூட்டிய மணிகள். சுமார் நூறு அரிசிக்கு ஒன்று என்ற கணக்கில் கலக்கப்படுகின்றன. பொறுக்க வேண்டாம். வீட்டில் தலசீமியா உள்ளவர் இருந்தால் மட்டும் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

பருப்பு, கீரை, பால்

கொண்டைக்கடலை சீக்கிரம் வேகச் சிட்டிகை ஆப்பச் சோடா போடும் பழக்கத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். காரத்தன்மை பி1ஐ அழிக்கும். இரவே ஊறவைத்தால் சோடா தேவைப்படாது. வாயுத்தொல்லை இருந்தால் ஊறிய நீரை மாற்றலாம். வேகவைத்த நீரை மட்டும் கொட்டாதீர்கள், அது ரசத்துக்குரியது. பச்சைப்பயறை முளைகட்டுவதும், உளுந்து சேர்த்து அரைத்த மாவைப் புளிக்கவைப்பதும் சில பி வைட்டமின்களைக் கூட்டிக்கொடுக்கும். இட்லியை நம் வீட்டின் நல்ல உணவு என்று தயங்காமல் சொல்லலாம்.

கீரைக்கு ஒரே விதி: முழுதாக அலசு, பிறகு நறுக்கு, உடனே அடுப்பில் ஏற்று. நறுக்கிவிட்டு அலசினால் ஃபோலேட் நீரோடு போகும். தண்ணீர் தெளித்தால் போதும், கீரை தன் ஈரத்திலேயே வெந்துவிடும். அதிக நேரம் வேகவிட்டாலும் ஃபோலேட் அழியும். எண்ணெயில் பொரித்த தின்பண்டத்துக்குப் பதில் ஒரு கைப்பிடி வேர்க்கடலை கொடுங்கள், நியாசின் அதில் தாராளம்.

பாலில் உள்ள பி2க்கு எதிரி வெளிச்சம். கண்ணாடிப் பாத்திரத்தில் ஜன்னலோரம் வைக்காதீர்கள். ஒரு நாளில் மூன்று நான்கு தடவை பொங்கவிடுவதும் தவறு, பி12 ஓரளவு குறையும். ஒரு முறை காய்ச்சி, மூடி, குளிரில் வைத்து, வேண்டிய அளவை மட்டும் சூடாக்குங்கள். பால் திரிந்தால் மேலே பச்சையும் மஞ்சளுமாக ஒரு நீர் நிற்கும் அல்லவா? அந்த நிறமே பி2தான். சப்பாத்தி மாவு பிசைய அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பி12: சமையலறை மட்டும் போதாத இடம்

பி12ஐத் தாவரங்கள் உருவாக்குவதில்லை. நுண்ணுயிரிகள் உருவாக்குகின்றன, விலங்குணவு வழியே நமக்கு வருகிறது. சுருள்பாசி, காளான், பழைய சோறு ஆகியவற்றில் பி12 கொட்டிக் கிடக்கிறது என்று வரும் வாட்ஸ்அப் செய்திகளை நம்பி இருக்க வேண்டாம். பழைய சோறு வயிற்றுக்கு இதம். பி12க்கு அதைக் கணக்கில் வைக்க முடியாது. சுருள்பாசியில் இருப்பதில் பெரும்பகுதி நம் உடம்புக்குப் பயன்படாத போலி வடிவம்.

பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 2 முதல் 2.5 மைக்ரோகிராம் வேண்டும். உங்கள் வாரத் தாளை எடுத்துக் கணக்கிடுங்கள்:

1. ஒரு டம்ளர் பால், அதாவது 200 மில்லி: ஒரு மைக்ரோகிராமுக்குச் சற்றுக் குறைவு.
2. ஒரு முட்டை: ஏறக்குறைய அரை மைக்ரோகிராம். அது மஞ்சள் கருவில்தான் இருக்கிறது.
3. மத்தி மீன் 100 கிராம்: ஒரு நாள் தேவையைப் போல மூன்று மடங்குக்குக் குறையாது.
4. ஆட்டு ஈரல்: இவை எல்லாவற்றையும்விட மிக அதிகம். வாரம் ஒரு சிறு பங்கு போதும். கர்ப்பிணிகள் ஈரலைத் தவிர்ப்பது நல்லது, அதில் வைட்டமின் ஏ மிகுதி.
5. நெய், வெண்ணெய்: கணக்கில் சேராது. மோர்: அதில் எவ்வளவு தயிர் கரைந்ததோ அவ்வளவுதான்.

சைவ உணவுக்காரர் ஒருவர் நாளுக்கு இரண்டு டம்ளர் பாலும் ஒரு கிண்ணம் தயிரும் எடுத்தால் கரையேறிவிடலாம். ஆனால் இரண்டு வேளைக் காபியில் விழும் பாலும், நீர்மோரில் கரையும் தயிரும் இதில் பாதியைக்கூடத் தொடாது. இதையெல்லாம் ஒரே வேளையில் குடித்துவிடாமல் பிரித்துக்கொள்ளுங்கள். உணவிலிருந்து ஒரு நேரத்தில் உடம்பு இழுத்துக்கொள்ளும் பி12க்கு வரம்பு உண்டு. பாலையும் விட்டவர்கள் மருத்துவர் சொல்லும் அளவில் மாத்திரை எடுத்தே ஆக வேண்டும். இதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை.

சாப்பிட்டும் சேராதவர்கள் உண்டு. முதியவர்கள், இரைப்பையில் அறுவை சிகிச்சை ஆனவர்கள், சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் நீண்ட காலம் விழுங்குபவர்கள், நெஞ்செரிச்சலுக்கு ஓமிப்ரசோல், பான்டபிரசோல் போன்றவற்றை ஆண்டுக்கணக்கில் தொடர்பவர்கள் இந்தக் கூட்டம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். "பி12 பார்க்கலாமா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

என் அத்தை ஒருவர் நடந்து வரும்போது ஒரு செருப்பு வழியிலேயே கழன்று கிடக்கும். காலில் இல்லை என்பதே அவருக்குத் தெரியாது. பதினைந்து ஆண்டாகச் சர்க்கரை, அதே அளவு காலம் மெட்ஃபார்மின், சைவச் சாப்பாடு, பால் பிடிக்காது. "சர்க்கரை இருந்தா கால் மரக்கத்தான் செய்யும்" என்று ஒரு வருடம் தைலம் தேய்த்தோம். ரத்தம் பார்த்தபோது பி12 மிகக் குறைவு. ஊசி போட்டபின் நடை சீரானது. ஆனால் விரல் நுனிகளின் மரப்பு முழுதாகத் திரும்பவில்லை. கல்லீரல் கையிருப்பு ஏமாற்றும் என்று மேலே சொன்னது இதைத்தான். குறைபாடு பல ஆண்டுகள் ஓசையின்றி நடந்து, தெரியவரும்போது நரம்பைத் தொட்டிருக்கும். அந்த ஒரு வருடத்தை இன்றும் நினைத்து வருந்துகிறேன்.

குழந்தைக்குத் திட்டமிடுபவர்கள்

1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் பம்பாய்க்கு வந்து, ஆலைத் தொழிலாளரிடையே கர்ப்பிணிப் பெண்களை வாட்டிய கடும் ரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு கொடுத்தபோது அது தீர்ந்தது. அந்தச் சாற்றில் இருந்த பொருளே பின்னாளில் ஃபோலேட் என்று அடையாளம் காணப்பட்டது.

கருவின் முதுகுத்தண்டும் மூளையும் உருவாகும் நரம்புக்குழாய், கரு தரித்த 28 நாட்களுக்குள் மூடிக்கொள்கிறது. நாள் தள்ளிப்போய், சோதித்துப் பார்த்து, மருத்துவரிடம் போவதற்குள் அந்தக் கெடு பெரும்பாலும் முடிந்திருக்கும். ஆகவே வரிசை இப்படி இருக்கட்டும்:

1. கருத்தரிக்க முயல்வதற்கு ஒரு மாதம் முன்பே தினம் 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் தொடங்குங்கள்.
2. கர்ப்பத்தின் முதல் 12 வாரம் நிறுத்தாமல் தொடருங்கள்.
3. பிறகு ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்பு, ஃபோலிக் அமில மாத்திரைக்கு மாறுங்கள். குமட்டினால் இரவில் சாப்பிடுங்கள். டீ, காபியோடு வேண்டாம்.
4. முந்தைய குழந்தைக்கு முதுகுத்தண்டுக் குறை இருந்திருந்தாலோ, வலிப்புக்கு மாத்திரை எடுத்தாலோ அளவு வேறு. முன்கூட்டியே மருத்துவரைப் பாருங்கள்.

உடம்பு காட்டும் அடையாளங்கள்

இவற்றைக் கொண்டு நோயை நீங்களே முடிவு செய்ய வேண்டாம். எதைச் சொல்லி மருத்துவரிடம் பேச்சைத் தொடங்குவது என்று தெரிந்துகொள்ளவே இது.

கடைவாயில் வெடிப்பு, உதடு உரிதல், நாக்கு எரிச்சல்: பி2, பி6 குறைவு இருக்கலாம், இரும்புச்சத்துக் குறைவாகவும் இருக்கலாம். வெயில் படும் கழுத்து, முன்கை, புறங்கால் கறுத்துச் சொரசொரத்து, கூடவே பேதியும் மனக்குழப்பமும் வந்தால் நியாசின் குறைவால் வரும் பெலாக்ரா என்று சந்தேகிக்க வேண்டும். சோளமே முழு உணவாக இருந்த தக்காணத்துக் கிராமங்களில் ஒருகாலத்தில் இது நிறையக் காணப்பட்டது. குந்தி உட்கார்ந்தவர் கையூன்றாமல் எழ முடியாமல் தவித்தால், கெண்டைக்காலை அழுத்தினால் வலித்தால் பி1 பக்கம் பாருங்கள். வெளிறிய முகம், படியேறினால் மூச்சு வாங்குதல், வழவழவென்று சிவந்த நாக்கு ஆகியவை ஃபோலேட், பி12 இரண்டுக்கும் பொது. காலில் பஞ்சு மேல் நடப்பது போன்ற உணர்வு, முகம் கழுவக் கண்ணை மூடியதும் தள்ளாட்டம், விரல் கணுக்கள் கறுத்துப்போவது, மறதி ஆகியவை பி12 குறைவை நினைவூட்ட வேண்டும்.

சோதனை, மாத்திரை, ஊசி

1. முதலில் ரத்தம், பிறகு மாத்திரை. ஒரு வாரம் பி காம்ப்ளெக்ஸ் விழுங்கிவிட்டுச் சோதித்தால் எண் உயர்ந்து காட்டி உண்மையை மறைக்கும்.
2. முழு ரத்த எண்ணிக்கையும் பி12 அளவும் பாருங்கள். பொதுவாக 200 பிகோகிராமுக்குக் கீழே குறைபாடு. 200க்கும் 300க்கும் நடுவே இருந்து அடையாளங்களும் இருந்தால் மருத்துவர் மேற்கொண்டு சோதிப்பார்.
3. ஃபோலிக் அமிலத்தை மட்டும் அதிக அளவில் தொடராதீர்கள். பி12 குறைவால் வந்த ரத்தசோகையை அது சரிசெய்துவிடும், நரம்புச் சேதமோ உள்ளே நடந்துகொண்டே இருக்கும். இந்த அத்தியாயத்தில் ஒரே எச்சரிக்கையைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.
4. "தெம்புக்கு ஒரு சத்து ஊசி" என்று கடையில் கேட்டுப் போட்டுக்கொள்ளாதீர்கள். ஊசி வேண்டுமா, வாய்வழி மாத்திரை போதுமா என்பது காரணத்தைப் பொறுத்தது. 1000 மைக்ரோகிராம் மாத்திரையில் சுமார் நூற்றில் ஒரு பங்கு தானாகவே குடலில் ஊறிச் சேரும் என்பதால், பலருக்கு மாத்திரையே போதுமானது. நரம்புக் கோளாறு தொடங்கியிருந்தால் ஊசிதான் முதலில்.
5. கால் மரப்புக்கு வாங்கும் மாத்திரை அட்டையில் பி6 எவ்வளவு என்று படியுங்கள். அதிக அளவு பி6ஐ மாதக்கணக்கில் விழுங்கினால் அதுவே மரப்பை உண்டாக்கும். காசநோய்க்கு ஐசோனியசிட் எடுப்பவர்களுக்கு மருத்துவர் கொடுக்கும் பி6 வேறு விஷயம், அதை விடக் கூடாது.
6. முடிக்காக பயோட்டின் என்ற பி7 எடுப்பவர்கள், தைராய்டு போன்ற ரத்தச் சோதனைக்கு முன் அதை மருத்துவரிடமும் ஆய்வகத்திலும் சொல்லிவிடுங்கள். முடிவைத் தவறாகக் காட்டும். மாரடைப்புக்கான ட்ரோபோனின் சோதனையையும் அது குழப்பக்கூடும்.

மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளானால் பயப்பட வேண்டாம். மிஞ்சிய பி2 வெளியேறுகிறது, திரிந்த பாலில் பார்த்த அதே நிறம்.

வீட்டில் காத்திருக்கக் கூடாத நேரங்கள்

1. கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டுகிறது.
2. குடிப்பழக்கம் உள்ளவர் திடீரெனத் தள்ளாடுகிறார், பொருள்கள் இரண்டாகத் தெரிகின்றன, பேச்சு குழம்புகிறது. போதை என்று தூங்கவிடாதீர்கள். மருத்துவமனையில் குடியை மறைக்காமல் சொல்லுங்கள்; குளுக்கோஸ் ஏற்றும்போது தயமினும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று அவர்களுக்கு அப்போதுதான் தெரியும்.
3. கர்ப்பிணிக்கு வாரக்கணக்கில் வாந்தி, எதுவும் உள்ளே நிற்கவில்லை. இங்கும் தயமின் வேகமாகத் தீர்ந்துபோகும்.
4. தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை, சிரித்துக்கொண்டிருந்தது சிரிப்பதை நிறுத்துகிறது, நின்ற தலை துவள்கிறது, கை நடுங்குகிறது. தாய்க்குப் பி12 இல்லாவிட்டால் பாலிலும் இருக்காது. தாய், குழந்தை இருவருக்கும் சோதனை வேண்டும்.

இந்த நான்கில் ஒன்றைக் கண்டாலும் வீட்டில் மாத்திரை அட்டை தேடிக்கொண்டிருக்காதீர்கள். மருந்துச் சீட்டுகளையும் வாரக் கணக்குத் தாளையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.